‘எடுச்சு’ என்று ஏன் யாரும் சொல்வதில்லை? – வாசகர் கேள்வி பதில்

பேச்சின் ஒலிகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லி சென்ற இதழில் கேட்டிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் என்று செட்டிநாட்டுப் பக்கமிருந்துதான் கடிதங்கள் அதிகம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகள் கட்டுரையில் ‘அடிச்சு’, ‘நனைஞ்சு’ என்று எழுதிவிடுகிறார்கள், கொச்சை என்று சொல்லித் திருத்துகிறேன். ஆனால் ‘எடுத்து’ என்பதை ‘எடுச்சு’ என்று இதுவரை ஒரு பிள்ளையும் எழுதவில்லை. ஏன்?
*– ஆசிரியை, தேவகோட்டை*

எழுத மாட்டார்கள் டீச்சர். அதற்கு ஒரு விதி இருக்கிறது, உங்கள் வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரியும், யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே தெரியும்.

கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் மாறுகிறவை: அடித்து – அடிச்சு, கிழித்து – கிழிச்சு, வைத்து – வச்சு, நினைத்து – நெனச்சு, தெரிந்து – தெரிஞ்சு, நனைந்து – நனைஞ்சு, காய்ந்து – காஞ்சு. இன்னொரு பக்கம் மாறாதவை: எடுத்து, படுத்து, நடந்து, வந்து, இருந்து. முதல் பத்தியில் ‘த்து’, ‘ந்து’ இவற்றுக்கு முன்னால் இருப்பது இ, ஐ, ய் இந்த மூன்றில் ஒன்று. இரண்டாவதில் அ, உ. இ சொல்லும்போதும் ய் சொல்லும்போதும் நாக்கின் முன்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும்புகிறது, ஐ முடியும்போதும் அப்படித்தான். எழும்பின நாக்கு எழும்பினபடியே இருக்க, பல்லின் அடியில் பிறக்க வேண்டிய த அண்ணத்தில் பிறந்து ச ஆகிவிடுகிறது, கூட நிற்கும் ந-வும் ஞ ஆகிவிடுகிறது. ‘எடுத்து’ என்பதில் நாக்கை மேலே தூக்க எதுவும் இல்லை.

இ, ஐ, ய் மூன்றும் எப்படி ஒரே கட்சியில் சேர்ந்தன என்பதுதான் இதில் முக்கியம். ஒலியை மேலும் பிரிக்க முடியாத ஒரு துண்டாக வைத்துக்கொண்டால் இதற்கு விடை கிடைக்காது. 1952-இல் பேச்சொலிகளை ஆராய்ந்த ரோமன் யாக்கப்சன், குன்னர் ஃபான்ட், மாரிஸ் ஹாலே மூவரும் ஒரு சிறு நூலில் ஒவ்வொரு ஒலியையும் சில கூறுகளின் சேர்க்கையாகப் பிரித்துக் காட்டினார்கள். நாக்கு முன்னால் எழும்புவது ஒரு கூறு, தொண்டை அதிர்வது ஒரு கூறு, மூக்கு வழியாகக் காற்றுப் போவது ஒரு கூறு, இப்படி. உலக மொழிகளில் ஒலி விதிகள் பெரும்பாலும் ஒரே கூறு உள்ள ஒலிகளைத்தான் சேர்த்துப் பிடிக்கின்றன. இ, ஓ, ம் மூன்றுக்கும் பின்னால் மட்டும் நடக்கும் மாற்றம் என்று ஒன்றைத் தேடினால் கிடைப்பது அரிது. அப்புறம் 1968-இல் அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியும் ஹாலேயும் ஆங்கில ஒலியமைப்பைப் பற்றி எழுதிய பெரிய நூலில், மனதில் ஓர் அடிப்படை வடிவம் இருக்கிறது, அதன்மேல் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்துதான் வாயில் வரும் வடிவம் உண்டாகிறது என்றார்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக என்பதற்கு நம் பேச்சிலேயே சாட்சி உண்டு. ‘விற்று’ என்பதை ‘வித்து’ என்கிறோம். முன்னால் இ இருக்கிறது, பின்னால் த்து இருக்கிறது, விதிப்படி ‘விச்சு’ ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. த-வை ச ஆக்கும் விதி வந்த காலத்தில் அது ‘வித்து’ ஆகவில்லை, ‘விற்று’ என்றே இருந்தது, ற்ற பிற்பாடுதான் த்த ஆனது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. சிற்றப்பா ‘சித்தப்பா’ ஆனதோடு நின்றதும் இதனால்தான். ‘வச்சு’ என்பதில் ஐ-யே போய் அ ஆகிவிட்டது, ஆனால் அந்த ஐ செய்துவிட்டுப் போன ச்ச அப்படியே இருக்கிறது. ‘இந்த’, ‘பித்தளை’ போன்றவை மாறவில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், வினையின் இறந்தகால உருபில்தான் இந்த விதி தவறாமல் நடக்கிறது.

கட்டுரையில் திருத்துங்கள், எழுத்து வழக்கைக் கற்றுக்கொடுக்க வேண்டியது உங்கள் வேலை. ‘கொச்சை’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, இந்த இரண்டு பத்தியையும் பிள்ளைகளிடம் கொடுத்து, விதியை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளால் முடியும்.

கேள்வி: இதெல்லாம் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் உள்ளதுதானே? நம்மிடமிருந்து போனதைத்தானே மேல்நாட்டார் புதிதாகக் கண்டதாகச் சொல்கிறார்கள்?
*– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பள்ளத்தூர்*

ஐயா, பாதிக்கு மேல் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மீதியில் நான் மாறுபடுகிறேன்.

முதலில் நியாயம். எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களில் பிறப்பியல் மூன்றாவது. கொப்பூழிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றோடு சேர்ந்து ஒலியாகிறது என்று தொடங்கி ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கு எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டு போகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ற-வும் ர-வும். இரண்டுக்குமே நுனிநாக்கு மேலே எழ வேண்டும், ஆனால் ற, ன இரண்டும் அண்ணத்தை ‘ஒற்ற’ப் பிறக்கும், ர, ழ இரண்டும் ‘வருட’ப் பிறக்கும் என்கிறது நூற்பா. ஒற்றுவது என்றால் தொட்டுக் காற்றை அடைப்பது, வருடுவது என்றால் உரசாமல் தடவிப் போவது. செட்டிநாட்டில் இன்று நாம் ‘அறை’, ‘அரை’ இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம், அதனால் ‘ஒற்ற’, ‘வருட’ என்ற இரண்டு வினைச்சொற்களும் நமக்கு வெறும் ஏட்டுச் செய்தியாகத் தெரியும். ஒரு யாழ்ப்பாணத்துக்காரரோ மலையாளியோ ‘காற்று’ என்று சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். பல்லுக்குச் சற்று மேலே நாக்கு ஒட்டி நின்று விடுபடும் ‘ட்ட’ போன்ற ஒலி ஒன்று வரும், ‘ஒற்ற’ என்ற சொல் எவ்வளவு கணக்காகப் போடப்பட்டது என்பது அப்போது புரியும்.

இன்னும் பழைய சான்று உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குன்றக்குடி மலைக் குகைத்தளத்தில் தமிழ்-பிராமிக் கல்வெட்டு உண்டு. அசோகர் காலத்துப் பிராமியில் க வரிசைக்கு மட்டும் நான்கு வல்லெழுத்துகள். தமிழுக்கு அந்த எழுத்தை எடுத்துக்கொண்டவர்கள் நான்கில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள், வடக்கே இல்லாத ழ, ள, ற, ன நான்கையும் புதிதாகச் சேர்த்தார்கள். எந்த ஒலி வேறுபாடு தமிழில் பொருளை மாற்றும், எது மாற்றாது என்று ஆராய்ந்து தெளியாமல் இதைச் செய்திருக்க முடியாது. அவர்கள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக அந்த ஆராய்ச்சி நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

சரி, மாறுபடும் இடத்துக்கு வருகிறேன். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஒலியியல் இந்தியாவிடம் கற்றது, அதை அவர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கற்றது பாணினியிடமிருந்தும் வேதங்களின் உச்சரிப்பு நூல்களான பிராதிசாக்கியங்களிடமிருந்தும். அமெரிக்கரான விட்னி அதர்வவேதப் பிராதிசாக்கியத்தை மொழிபெயர்த்து வெளியிட்டது 1862-இல். நம் எழுத்ததிகாரம் அச்சேறியதே 1840-களின் இறுதியில்தான், அதுவும் தமிழ் படித்த வட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஆகவே ‘நம்மிடமிருந்து எடுத்துப் போனார்கள்’ என்பதற்கு இடமில்லை. அதோடு, தொல்காப்பியர் ஒலிகளை வகுத்தார், புணர்ச்சியை வகுத்தார். ஒரு மொழியின் ஒலி காலப்போக்கில் எப்படி மாறுகிறது, உறவு மொழிகளை ஒப்பிட்டு அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் அவர் எடுத்துக்கொண்ட வேலையே கிடையாது. பின்னால் வந்த ஒவ்வொன்றையும் அவர் தலையில் ஏற்றினால், அவர் உண்மையில் செய்த பெரிய காரியம் மங்கிப்போகும் என்பது என் கருத்து.

கேள்வி: ஒலியியல், ஒலியனியல் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? செமினாருக்கு வேண்டும். எளிமையாகச் சொல்லுங்கள்.
*– எம்.ஏ. மாணவி, காரைக்குடி*

உங்கள் ஊரையும் சுற்றியுள்ள ஊர்களையும் வைத்தே சொல்லலாம். ‘காரைக்குடி’ என்று மெதுவாகச் சொல்லுங்கள், முதல் க வன்மையாக வெடிக்கிறது, நடுவில் உள்ள க்க அழுத்தமாக நின்று விடுபடுகிறது. ‘பாகனேரி’ என்னும்போது அந்தக் க மூச்சுக் கலந்து மெலிந்துவிடுகிறது. ‘சிவகங்கை’ என்பதில் ங்-க்குப் பக்கத்தில் வரும் க தொண்டை அதிர வருகிறது. இந்தக் க-க்கள் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கின்றன, காற்றில் என்ன அலையை உண்டாக்குகின்றன என்று பார்ப்பது ஒலியியல். இத்தனையையும் தமிழ் ஏன் ஒரே க என்று எடுத்துக்கொள்கிறது என்று கேட்பது ஒலியனியல். எந்த இடத்தில் எந்தக் க வரும் என்பது தமிழில் முன்கூட்டியே சொல்லக்கூடியது, ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் சொல் மாறாது, கேட்க ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இந்தியில் அப்படி விட முடியாது. ‘கானா’ என்பதை நம் தமிழ் முதல் க போலச் சொன்னால் ஒற்றைக் கண்ணன், மூச்சைச் சேர்த்துச் சொன்னால் சாப்பாடு, தொண்டை அதிரச் சொன்னால் பாட்டு. ஒரு மொழியில் பொருளைப் பிரிக்கும் ஒலி அலகு ஒலியன், அது இடத்துக்கு இடம் எடுக்கும் உருவங்கள் மாற்றொலிகள்.

வரலாறு கேட்பார்கள், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபோனீம்’ என்ற சொல்லை 1873-இல் பிரான்சில் துஃப்ரிஷ்-தெழெனெத் பயன்படுத்தினார், அவருக்கு அது வெறும் ‘பேச்சொலி’ என்ற பொருள்தான். அதற்கு இன்றைய பொருளை நோக்கி உயிர் கொடுத்தவர்கள் ருஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரைக் கசான் நகரில் வேலை செய்த போலந்துக்காரர்கள் இருவர், போதுவான் தெ கூர்தனேயும் அவர் மாணவர் குருசெவ்ஸ்கியும். 1916-இல் சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சொசூரின் வகுப்புரைகள் நூலாக வந்தன, மொழியில் இருப்பதெல்லாம் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடுகளே என்ற எண்ணம் பரவியது. 1926-இல் பிராக் நகரில் ஒரு மொழியியல் வட்டம் கூடியது, அதில் முக்கியமானவர் புரட்சிக்குப் பின் ருஷ்யாவை விட்டு வெளியேறி வியன்னாவில் பேராசிரியராக இருந்த துருபெத்ஸ்கோய். ஒலியனியலின் அடிப்படைகளை அவர் எழுதிய நூல் 1939-இல், அவர் இறந்த பிறகு, அச்சாகி வந்தது. அதில் தமிழ் வல்லினமும் வருகிறது! லாகூரில் பேராசிரியராக இருந்த ஜே.ஆர். ஃபர்த் 1934-இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார், அதிலிருந்து எடுத்துக்கொண்டார். இடத்தைப் பொறுத்து மாறும் நம் க, ச, ட, த, ப இவர்கள் கொள்கைக்கு அவ்வளவு பொருத்தமான எடுத்துக்காட்டு.

செமினாரில் இன்னொன்றையும் சொல்லுங்கள், யோசிக்க வைக்கும். இன்றைய தமிழில் இந்தக் கணக்கு மெல்ல மாறி வருகிறது. ‘பாவம்’ என்று இரக்கப்பட்டுச் சொல்வதற்கும் பரதத்தில் முகத்தில் காட்டும் ‘பாவம்’ என்பதற்கும் படித்தவர்கள் பேச்சில் முதல் ஒலியில்தான் வேறுபாடு, எழுத்து ஒன்றே. வெளிச்சொற்கள் பெருகப் பெருக, அதிரும் ப தனி ஒலியனாகிவிட்டதா என்பது விவாதிக்க வேண்டிய கேள்வி. என் கணிப்பில் சொல்லின் முதலிடத்தில் ஆகிவிட்டது, மற்ற இடங்களில் இன்னும் இல்லை. மேலே படிக்க வேண்டுமானால் அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறை வெளியிட்ட நூல்களைத் தேடுங்கள். 1929-இல் கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய பல்கலைக்கழகம், தமிழ் வட்டார வழக்குகளைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்த இடம்.

கேள்வி: மகன் பெங்களூரில் வேலை, பேத்தி கன்னடம் படிக்கிறாள். பாலுக்கு ‘ஹாலு’, பத்துக்கு ‘ஹத்து’, பல்லுக்கு ‘ஹல்லு’ என்கிறாள். நம் ‘ப’ போய் ‘ஹ’ உட்கார்ந்த மாதிரி இருக்கிறதே, தற்செயலா?
*– வாசகி, கோட்டையூர்*

தற்செயல் இல்லை ஆச்சி, பேத்தியிடம் இன்னும் கேளுங்கள்: பூ ‘ஹூவு’, புலி ‘ஹுலி’, பெயர் ‘ஹெசரு’. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் ப-வில்தான் தொடங்கின, அந்தக் கல்வெட்டுகளும் இலக்கியமும் இருக்கின்றன. சொல்லின் முதலில் நின்ற ப வரிசையாக ஹ ஆகிப்போனது.

இப்படி வரிசையாக மாறும் என்பதைக் கண்டதில்தான் ஐரோப்பாவில் இந்தத் துறை வேகம் பிடித்தது. டென்மார்க்கின் ராஸ்க் 1818-இலும், ஜெர்மனியின் யாகோப் கிரிம் (தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகள் தொகுத்தாரே, அவரேதான்) 1822-இலும் எடுத்துக்காட்டினார்கள்: லத்தீனில் ப இருக்கும் இடத்தில் ஆங்கிலம், ஜெர்மன் வகையில் ஃப இருக்கிறது, ‘பாத்தெர்’ என்பது ‘ஃபாதர்’, ‘பிஸ்கிஸ்’ என்பது ‘ஃபிஷ்’. 1870-களில் லைப்சிக் நகரத்து இளைஞர் கூட்டம் ஒன்று ஒரு படி மேலே போய், ஒலி விதிக்கு விலக்கே கிடையாது, விலக்கு என்று தெரிந்தால் அதற்குள் இன்னொரு விதி ஒளிந்திருக்கிறது, தேடு என்றது. பிடிவாதம் போலத் தெரியும், ஆனால் பலன் கொடுத்தது. கிரிம் விதிக்கு அடங்காமல் நின்ற ஒரு கூட்டம் சொற்களுக்கு 1877-இல் கார்ல் வெர்னர் விடை சொன்னார். சமஸ்கிருதத்தில் ‘ப்ராதர்’ என்பதற்கு முதல் அசையில் அழுத்தம், ‘பிதர்’ என்பதற்கு இரண்டாம் அசையில். அந்தப் பழைய அழுத்தம் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து ஜெர்மானிய மொழிகளில் நடு ஒலி இரண்டாகப் பிரிந்துவிட்டது என்றார். அழுத்தம் இடம் மாறி எத்தனையோ நூற்றாண்டு கழித்தும் தடயம் மட்டும் அப்படியே இருந்திருக்கிறது.

நம் பக்கத்துக்கு வந்தால், தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை அல்ல என்று அச்சில் சான்றோடு முதலில் எழுதியவர் சென்னைக் கலெக்டர் எல்லிஸ், 1816-இல், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையில். அவர் 1819-இல் இறந்தது ராமநாதபுரத்தில், உங்களுக்குத் தூரமில்லை. திராவிட மொழிகளை ஒப்பிட்டுக் கால்டுவெல் எழுதிய நூல் வந்தது அதற்கு நாற்பது ஆண்டு கழித்து, 1856-இல்.

வெர்னர் கதைக்கு இணையான ஒன்று நம் மொழிகளிலும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’. ‘சிறு’ அங்கே ‘கிறு’. ‘சேரலர்’ பழைய கல்வெட்டுகளில் ‘கேரள’. அதாவது இ, ஈ, எ, ஏ முன்னால் இருந்த பழைய க தமிழில் ச ஆனது. சரி, அப்படியானால் கிளி, கேள், கெடு, கிழவன், கீழ் இவையெல்லாம் ஏன் ‘சிளி’, ‘சேள்’ ஆகவில்லை? 1943-இல் ஆங்கிலேய மொழியியலாளர் தாமஸ் பர்ரோ எழுதிய கட்டுரையில் விடை இருக்கிறது. அடுத்து வரும் மெய் ட, ண, ள, ழ என்று நாக்கை மடக்கிச் சொல்வதாக இருந்தால் க தப்பிவிடுகிறது. மடங்கப் போகும் நாக்கு பின்னுக்கு இழுத்துக்கொள்வதால் முன்னால் போய் ச ஆவது தடைபடுகிறது. கிளியையும் கேளையும் நாக்கால் சொல்லிப் பார்த்தாலே தெரியும். ‘கீரை’, ‘கீறு’ போல இதற்கும் அடங்காத சில சொற்கள் இன்னும் உண்டு, அவற்றுக்கும் ஏதாவது காரணம் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: சென்னை உறவினர்கள் ‘வாயப்பயம்’ என்கிறார்கள், நாங்கள் ‘வாளப்பளம்’. எது பரவாயில்லை?
*– கல்லூரி மாணவர், புதுவயல்*

இரண்டும் ழ-வின் இடத்தில் வந்த மாற்றங்கள்தான், வடக்கே ய பக்கம் போனது, தெற்கே ள பக்கம். கன்னடமும் தெலுங்கும் தங்கள் ழ-வை நூற்றாண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டன, மலையாளம் நன்றாக வைத்திருக்கிறது. மேடையிலும் வாசிப்பிலும் ழ-வைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள், கேட்க அழகு. வீட்டில் பேசும் ‘வாளப்பளம்’ எதையும் கெடுத்துவிடாது.

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். இந்தத் துறை இன்று எங்கே நிற்கிறது? கணினி எல்லாவற்றையும் செய்யும்போது ஒலியனியலுக்கு என்ன வேலை?
*– மாணவர், பொன்னமராவதி*

கருவி வந்ததால் இந்தத் துறை மாறியது உண்மை. 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பேச்சைப் படமாக வரையும் ஸ்பெக்ட்ரோகிராஃப் செய்தார்கள், 1947-இல் அதைப் பற்றிய நூல் வந்தது. அதுவரை காதையும் நாக்கையும் நம்பி இருந்தவர்கள் முதல்முறையாக ஒலியைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்தபோது ஒரு அதிர்ச்சி: நாம் க, அ, ல் என்று தனித்தனியாகக் கேட்பது படத்தில் அப்படிப் பிரிந்து இல்லை, ஒன்றோடொன்று வழிந்து கலந்து கிடக்கிறது. பிரிப்பது நம் மனம். அன்று ஒரு பெரிய எந்திரம் செய்ததை இன்று ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள் உங்கள் லேப்டாப்பிலேயே செய்யும்.

கொள்கைப் பக்கத்தில் 1993-இல் ஆலன் பிரின்சும் பால் ஸ்மொலென்ஸ்கியும் புதிய பாதை ஒன்றைப் போட்டார்கள். விதிகள் வரிசையாக வேலை செய்கின்றன என்பதற்குப் பதிலாக, எல்லா மொழிகளுக்கும் பொதுவான சில நிபந்தனைகள் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று மோதுகின்றன, எதற்கு முதலிடம் என்பதில்தான் மொழிக்கு மொழி வேறுபாடு என்றார்கள். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இதைப் பார்க்கலாம். தமிழ்ச் சொல் வல்லினத்திலோ ‘ஸ்’ஸிலோ முடியக் கூடாது என்பது ஒரு நிபந்தனை, வந்த சொல்லின் ஒலி எதையும் விடக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி கடைசியில் ஓர் உகரம் சேர்ப்பது, ‘பஸ்ஸு’, ‘பேங்கு’. ஜப்பானியரும் பஸ்ஸை ‘பஸு’ என்றுதான் சொல்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. ‘காரு’ என்பதில் ர இரட்டிக்கவில்லை, ‘பஸ்ஸு’ என்பதில் ஸ இரட்டித்தது. பல் – பல்லு, பால் – பாலு போல. ‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்ற நன்னூல் விதியை ஆங்கிலச் சொல்லுக்கும் போட்டுவிட்டோம், படிக்காதவர்களும் போடுகிறார்கள். ஆனால் ‘கேட்டு’, ‘நோட்டு’, ‘லைட்டு’ இவற்றில் முன்னால் இருப்பது நெடிலும் ஐயும், ஏன் இரட்டித்தது? ‘ரோடு’, ‘லோடு’ ஏன் இரட்டிக்கவில்லை? ஆங்கிலத்தில் ‘நோட்’ வன்மையாக முடிகிறது, ‘ரோட்’ தொண்டை அதிர முடிகிறது. தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் ட மெலிந்துதான் ஒலிக்கும், வன்மையைக் காப்பாற்ற வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். வன்மை – மென்மை என்ற அவர்கள் வேறுபாட்டை இரட்டை – ஒற்றை என்ற நம் வேறுபாடாக மாற்றிக்கொண்டோம். இதை யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை, சாலையோரப் பட்டறையில் வேலை செய்கிறவரும் அச்சுப் பிசகாமல் இதைத்தான் செய்கிறார். எனக்கு இந்தத் துறையின்மேல் உள்ள பிரியத்துக்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

கணினிக்கு வருகிறேன். பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள் ஏராளமான ஒலிப்பதிவுகளிலிருந்து கற்கிறது. எழுத்து ஒன்றும் பேச்சு ஒன்றுமாக இருக்கும் தமிழில், வாசிக்கும் குரலில் மட்டும் கற்ற கருவிக்கு ‘வச்சுட்டுப் போனாக’ என்ற ஒரு வாக்கியம் போதும், தடுமாற. எந்த வட்டாரத்தில் எது எப்படி மாறும் என்று தெரிந்தவர்கள் வேண்டும். உங்களைப் போலப் பொறியியலும் படித்து, வீட்டில் அந்தப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவர்கள் வந்தால் நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் பெரியவர்கள் ‘வந்தியளா’, ‘சாப்பிட்டியளா’ என்பார்கள். சென்னையில் படிக்கும் பிள்ளைகள் அப்படிப் பேச வெட்கப்படுகிறார்கள். இதை எப்படிப் பதிந்து வைப்பது?
*– வாசகி, கண்டனூர்*

வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது! ‘வந்தீர்கள்’ என்ற ஒரே வடிவம் சென்னையில் ‘வந்தீங்க’ என்றும், மதுரைப் பக்கம் ‘வந்தீக’ என்றும், உங்கள் வீட்டில் ‘வந்திய’ என்றும் போயிருக்கிறது. உங்கள் வழக்கில் க கரைந்து ய வந்தது. கேள்வியாக்கும்போது ‘வந்தியளா’ என்று ஒரு ள் எங்கிருந்தோ வருகிறதே, அது ‘வந்தீர்கள்’ என்பதன் ள்தான். சொல் முடியும் இடத்தில் ஒலிக்காமல் போய், பின்னால் உயிர் வந்தால் வெளியே வருகிறது. சென்னைப் பிள்ளைகள் பேசும் ‘நீங்க – நீங்களா’ என்பதிலும் இதே ள் இதே மாதிரி ஒளிந்து வருகிறது, அவர்களிடம் காட்டுங்கள்.

பதிவு செய்ய ஃபோன் போதும். ஃபேன், டிவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முற்றத்தில் எதிரொலிக்கும் என்பதால் உள் அறையில் உட்கார்ந்து, ஃபோனைப் பேசுகிறவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். முதலில் அவர்களிடம் அனுமதி கேட்டு, பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், ஏறத்தாழ வயது இவற்றை அவர்கள் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். சொற்பட்டியலைக் கொடுத்து வாசிக்க வைக்காதீர்கள், எழுத்தைப் பார்த்ததும் நாக்கு எழுத்து வழக்குக்குப் போய்விடும். பலகாரம் செய்யும் பக்குவம், கல்யாணத்தில் சாமான் பரப்பியது, ரங்கூனிலோ மலேயாவிலோ இருந்த பெரியவர்களைப் பற்றிய கதை என்று அவர்கள் தாமாகப் பேசும் விஷயமாக எடுத்துக் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். கடைசியில் மட்டும் சில பொருள்களைக் கையில் காட்டிப் பெயர் கேட்கலாம்: வாழைப்பழம், உலக்கை, வெற்றிலை, குடம். ‘ஒலக்கை’, ‘வெத்தலை’, ‘கொடம்’ என்று வரும்போது அவர்களைத் திருத்தாதீர்கள். பதிவுக்கு ஊர், மாதம், வருடம் சேர்த்துப் பெயர் வைத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். எழுதி வைக்கும்போது ‘வந்தியளா’ என்று காதில் விழுந்தபடியே எழுதுங்கள், பக்கத்தில் ‘வந்தீர்களா’ என்று தனியாக ஒரு பத்தியில் குறித்தால் போதும்.